மூப்பரின் வலது காது

“குற்றச்சாட்டு. 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை சுமார் 11.20 மணிக்கு, ஆராதனை முடிந்த பின்னர், இச்சபையின் மூப்பராகிய தாங்கள், என் மனைவி தங்களிடம் தனிப்பட்ட முறையில் சொன்ன ஒரு விஷயத்தைக் கேட்டு, தலையசைத்து, ‘சரிம்மா, பாத்துக்கறேன்’ என்று வாக்களித்தீர்கள். மார்ச் 16, 23, 30 ஆகிய மூன்று ஞாயிறுகளிலும் அவ்வாறே வாக்களித்தீர்கள். நான்கில் ஒன்றைக்கூட நிறைவேற்றவில்லை. என் மனைவி ஜூலை 21 அன்று இறந்துபோனாள். இதற்குத் தாங்கள் சபைக் குழுவின் முன் நேரில் பதில் சொல்ல வேண்டும்.”

ஆகஸ்ட் 4 என்று தேதியிட்டு இதை எழுதியவர் பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர். கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதி மூன்று படிகள் எடுத்தார். ஒன்று மூப்பருக்கு, ஒன்று குழுவின் செயலாளரான டீச்சருக்கு, ஒன்று தன் கோப்புக்கு. எந்தத் தாளானாலும் மூன்று படி எடுக்காமல் அவருக்குக் கை நிற்காது. அதனால் பணிமனையில் அவருக்கு ‘மூணு காப்பி’ என்று பெயர்.

“புதுசா சேர்ந்த டிரைவர்கிட்ட, மூணு காப்பி உன்னைக் கூப்பிடுறார்னு சொன்னேன். நேரா கேன்டீனுக்குப் போய் மூணு கிளாஸ் வாங்கிட்டு வந்து நிக்கிறான்” என்று பக்கத்து மேசைக்காரன் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு ‘ரேடியோ’ என்று பெயர்.

கிடங்குக்காரர் சிரிக்கமாட்டார். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு அவருடையது. மீதியைச் சுற்றறிக்கைகளைப் படித்தும், பழைய தாள் கடையில் எடைக்குக் கிடந்த மனுக்களைப் பார்த்து எழுதியும் தானே கற்றுக்கொண்டார். இருபத்தைந்து வயதில், கிடங்கிலிருந்து இரண்டு கியர் பெட்டிகள் காணாமற்போயின என்று அவர்மேல் பழி விழுந்தது. ஆறு வருடம் பேருந்து கழுவினார். அந்தப் பெட்டிகளைப் பொறியாளரே எடுத்துப்போனதற்கான கையெழுத்து இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றில் இருந்தது. அதை அவர் தலையணை உறைக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தார். அந்த ஒரு சீட்டுத்தான் அவரை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்தது. யாரும் வந்து வருத்தம் சொல்லவில்லை. உத்தரவு மட்டும் வந்தது. அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

“கல்யாண போட்டோவுக்கு மேல மாட்டியிருக்காருங்க. எனக்கு மேல அதுதான்” என்று அவர் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வாள்.

அன்றுமுதல் தாளில் இல்லாத எதையும் அவர் நம்பியதில்லை. சமையலறை வாசலில் ஓர் ஆணி அடித்து, அதில் நூல் கட்டிய ஒரு நோட்டைத் தொங்கவிட்டார். வீட்டுக்கு என்ன வேண்டுமானாலும் அதில் தேதியோடு எழுத வேண்டும் என்பது ஏற்பாடு.

“என்னங்க, குழாய் ஒழுகுது.”

“எப்பலேர்ந்து? எந்தக் குழாய்? நோட்டுல எழுதி வை.”

“அது பாட்டுக்கு ஒழுகிட்டு இருக்கு, நான் பாட்டுக்கு எழுதிட்டு இருக்கணுமா?”

என்றாலும் எழுதுவாள். நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருந்தவள். நாள் முழுவதும் குழந்தைகளுக்குக் கைகழுவிவிட்டு, மூக்குத் துடைத்துவிட்டு வருவாள். எழுத்து அவளுக்கு முரண்டு பிடிக்கும் ஆடு மாதிரி, இழுத்தால்தான் வரும். ‘குழாய்’, ‘பல்பு’, ‘கதவு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். அவர் மாலையில் வந்து, வேலை முடிந்ததும் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார். இருபத்திமூன்று வருடம் குடும்பம் அப்படித்தான் ஓடியது. பிள்ளை இல்லை. சண்டையும் பெரிதாக இல்லை. அவளுக்குக் குரலே மெல்லியது; பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால்கூடக் கேட்காது.

சபை, ஒரு சைக்கிள் கடையின் மாடியில் கூடியது. நாற்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கூடம். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் ஜெபத்துக்கு நடுவே ஏறி வரும். சுவர்களோ பலகைச் சுவர்கள். ஒரு மூலையில் தும்மினால் மறுமூலையில் ‘ஆண்டவரே’ என்பார்கள். அதனால் அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. ஆராதனை முடிந்ததும் மூப்பர் படிக்கட்டு வாசலருகே ஒரு முக்காலியில் உட்காருவார். மனக்குறை உள்ளவர்கள் ஒவ்வொருவராகப் போய், குனிந்து, அவர் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போவார்கள். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் நடக்கும். முக்காலிக்கு இடப்பக்கம் பாட்டுப் புத்தக அலமாரி. ஆகவே எல்லோரும் குனிவது அவருடைய வலது காதருகே.

மூப்பர் தகர வேலைக்காரர். பெட்டிகள், புகைபோக்கிகள், மழைநீர்த் தகரங்கள் அடிப்பார். அறுபத்துநாலு வயது, படிப்பு ஐந்தாம் வகுப்பு. பிரசங்கிக்க எழுந்தால் பத்து நிமிடத்துக்குள் வியர்த்துவிடும். முன்னிருந்த மூப்பர் ஊரைவிட்டுப் போனபோது, ஆராதனை முடிந்தும் வீட்டுக்கு ஓடாமல் நின்று யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டிருந்தவர் இவர் ஒருவர்தான். அதனால் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இனி அந்த நான்கு ஞாயிறுகள். கிடங்குக்காரர் கூட்டத்தோடு கீழே இறங்கி, சைக்கிள் கடை வாசலில் மனைவிக்காகக் காத்துநிற்பார். மாடியில் அவள் முக்காலியருகே குனிந்து என்ன சொன்னாள் என்று அவர் கேட்டதில்லை. காதில் சொன்னதைக் கேட்கக்கூடாது என்பது வழக்கம். வழக்கத்தை மீறுகிறவர் அல்லர் அவர்.

மே 14 அன்று அவள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் மருத்துவர் மார்பில் இருந்த கட்டியைப் பற்றியும், அது ஈரலுக்குப் போய்விட்டதைப் பற்றியும் சொன்னார்.

“கொஞ்சம் முன்னாலயே வந்திருந்தா?” என்று கிடங்குக்காரர் கேட்டார்.

“பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். சொல்ல முடியாது.”

“அதை எழுதிக் குடுக்க முடியுமா டாக்டர்?”

மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் அவள் கண்விழித்ததும் அவர் குரல் உயர்ந்துவிட்டது. “கட்டி இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

அவள் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“மூப்பர் ஐயா சொல்லலையா? உங்ககிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்லுங்கன்னு நாலு தடவை சொன்னேனே. ஒவ்வொரு தடவையும் பாத்துக்கறேன்னு தலையாட்டினாரே.” மூச்சு வாங்கிக்கொண்டு, தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நான் உங்களுக்குத் தெரியும்னே நெனச்சுட்டேன். தெரிஞ்சும் ஒண்ணும் கேக்கமாட்டேங்கிறீங்களேன்னு...”

மார்ச் 9 முதல் மே 14 வரை அறுபத்தாறு நாட்கள். கணவனுக்குத் தெரியும், தெரிந்தும் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்த அறுபத்தாறு நாளும் அவள் அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். சட்டைக்குப் பித்தான் தைத்திருக்கிறாள். சாவைக்கூட அவர் ஒருவிதமாகத் தாங்கிக்கொண்டார். அந்த அறுபத்தாறு நாளைத்தான் அவரால் எங்கேயும் இறக்கிவைக்க முடியவில்லை. அதற்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

குழு ஆகஸ்ட் 16, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூடுவதாக டீச்சர் எழுதியனுப்பினார். அன்று காலை கிடங்குக்காரர் இணைப்புகளுக்கு எண் போட்டார். ஆஸ்பத்திரித் தாள்கள், நான்கு ஞாயிறுகளின் ஆராதனைத் தாள்கள், பள்ளியின் வருகைச் சான்று என ஆறு சேர்ந்தன. மார்ச் மாதம் அவள் வீட்டில் நடமாடிக்கொண்டிருந்ததற்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று ஆணியிலிருந்த நோட்டையும் எடுத்துப் புரட்டினார்.

‘மார்ச் 3. பேசணும்.’

அவள் கையெழுத்துதான். அதன் கீழே சிவப்பு மையில், ‘எது பற்றி? விவரம் தேவை.’ பக்கத்தில் தேதி, அவருடைய சுருக்கொப்பம்.

எழுதியது அவருக்குச் சற்றும் நினைவில்லை. கிடங்கில் ஒரு நாளைக்கு ஐந்தாறு சீட்டுகளை அப்படித் திருப்பியனுப்புவார். பாகத்தின் எண் இல்லாத சீட்டு, வண்டி எண் இல்லாத சீட்டு. ‘விவரம் தேவை’ என்று கை தானாக எழுதும். அந்தச் சிவப்பு வரிக்குக் கீழே அவள் வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. அடுத்த ஞாயிறு மார்ச் 9.

 பிறகு நோட்டைப் பையின் அடியில் வைத்தார். இணைப்புப் பட்டியலில் ஏழாம் எண்ணை எழுதவில்லை.

மாலையில் மாடிக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். டீச்சர் எழுந்து குற்றச்சாட்டை மெதுவாக வாசித்தார். மூப்பர் அவருக்கு இடப்பக்கமாக, வலது தோள் அவரை நோக்கியிருக்க அமர்ந்திருந்தார். முழங்கால்மேல் கைகளைக் கோத்துக்கொண்டு, முகத்தில் கனிவான ஒரு புன்னகையோடு, வாசிக்க வாசிக்கத் தலையசைத்துக்கொண்டே இருந்தார். ‘ஒன்றைக்கூட நிறைவேற்றவில்லை’ என்ற இடத்திலும் தலையசைத்தார். ‘இறந்துபோனாள்’ என்ற இடத்திலும் தலையசைத்தார்.

கிடங்குக்காரர் எழுந்துவிட்டார். “பாருங்க டீச்சர்! இதுக்கும் தலையாட்டுறார்! எம் பொண்டாட்டி செத்ததுக்கும் தலையாட்டுறார்!”

அந்தக் கூச்சல் கேட்டது. மூப்பர் திடுக்கிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். டீச்சர் அவர் தோளைத் தொட்டார். அப்போதுதான் அவர் முகத்திலிருந்து அந்தப் புன்னகை, கழன்று விழுந்ததுபோல் போயிற்று.

“அம்மா, அந்தத் தாளைக் குடுங்க. நானே படிச்சுக்கறேன்.”

வரிக்குக் கீழே விரலை வைத்து, உதட்டை அசைத்துப் படித்தார். தகரம் கீறிய தழும்புகள் நிறைந்த விரல். கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது.

“இந்தத் தபால் வந்தப்ப ஜெப விஷயமா இருக்கும்னு வேதப் புத்தகத்துக்குள்ள வெச்சுட்டேன். பிரிக்கல” என்றார். பிறகு, “எனக்கு வலது காது கேக்காது. ரெண்டு வருஷம் ஆகப்போகுது. எடது காதுலயும் பாதிதான்.”

கீழே யாரோ சைக்கிள் மணியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏங்கய்யா சொல்லல?” டீச்சர் குனிந்து இடது காதருகே கேட்டார்.

“எப்படிம்மா சொல்றது? படிப்பு இல்ல. பாட்டு வராது. பிரசங்கம்னு நின்னா முழங்கால் ஆடுது. எங்கிட்ட இருந்தது காது ஒண்ணுதான். அதுக்காகத்தானே என்னை உக்காரவெச்சீங்க? அதுவும் போச்சுன்னா, எறங்குய்யான்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். இந்த வாரம் சொல்லிடலாம், அடுத்த வாரம் சொல்லிடலாம்னு...” கையிலிருந்த தாளை மடித்தார். “வீட்டுக்குப் போய் முட்டி போடுவேன். ஆண்டவரே, நீலச் சேலை அம்மா என்னமோ சொன்னாங்க, அழுதாங்க. எனக்குக் கேக்கல. உமக்குக் கேட்டிருக்கும். நீரே பாத்துக்கும்னு ஒவ்வொருத்தருக்காவும் சொல்லிடுவேன்.”

நீலச் சேலை. பள்ளிக்கூடத்து ஆயாக்களின் சீருடை நிறம் அது. ஞாயிற்றுக்கிழமையும் அதையேதான் கட்டிக்கொண்டு போவாள்.

“அவருக்குக் கேட்டிருக்கும் ஐயா. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல” என்று உரக்கச் சொன்னார் கிடங்குக்காரர். “எனக்கு யாரு சொல்றது?”

மூப்பர் எழுந்தார். இடுப்பிலிருந்து கூடத்தின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். “என்னை விட்டுடுங்கம்மா. நான் இதுக்கு லாயக்கில்ல. உக்காரவெச்ச அன்னிக்கே தெரியும்.” சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கிடங்குக்காரருக்குக் கேட்ட பதில் கிடைத்துவிட்டது. பையைத் தூக்கியபோது அது வந்ததைவிடக் கனமாக இருந்தது. வீட்டுக்குப் போய் நோட்டை மறுபடி ஆணியில் மாட்டினார்.

அடுத்த மூன்று ஞாயிறுகளும் முக்காலி காலியாக இருந்தது. டீச்சர் ஒவ்வொருவரையாகக் கேட்டுப்பார்த்தார். ஒருவரும் உட்கார முன்வரவில்லை. ஆராதனை முடிந்தும் ஜனங்கள் அதைச் சுற்றி நின்றார்கள். ஒரு கிழவர் காலியான முக்காலியருகே குனிந்துவிட்டு, நிமிர்ந்து, இறங்கிப் போனார்.

“அண்ணே, நீங்க கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல” என்றார் டீச்சர், படிக்கட்டில். “ஆனா, காது கேக்கலைன்னாலும் அந்த மனுஷன் அங்க இருந்தாரு இல்ல?”

பணிமனையில் ரேடியோகூட அவரைச் சீண்டுவதை நிறுத்தியிருந்தான். ஒருநாள் மெதுவாக, “அண்ணே, இந்தச் சீட்டுல பாக எண் இல்ல, நீங்க திருப்பி அனுப்பலையே” என்றான். “கிடக்கட்டும். ஆளை வரச் சொல்லு. என்ன வேணும்னு வாயால கேட்டுக்கறேன்” என்றார். ரேடியோ வாயடைத்துப்போனது அன்று ஒருநாள்தான்.

செப்டம்பர் 2, செவ்வாய்க்கிழமை, மதியம் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் தகரப் பட்டறைக்குப் போனார். தெருவோரம் ஒற்றை அறை. வெட்டிய தகரத் துண்டுகள் தரையெல்லாம் சுருண்டு கிடந்தன. மூப்பர் வாசலுக்கு வலது தோளைக் காட்டி உட்கார்ந்து, ஒரு பெட்டியின் விளிம்பை மடக்கி அடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா” என்றார் கிடங்குக்காரர். அடி நிற்கவில்லை. பக்கத்தில் போய் மறுபடி, “ஐயா.” அவர் நிமிரவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. அவர் எதையும் முன்கூட்டித் தீர்மானித்து வரவில்லை. அந்தச் சுத்தியல் சத்தத்துக்குள், கேளாத அந்தக் காதருகே குனிந்தார்.

“முதல்ல எங்கிட்டத்தான் சொன்னா ஐயா. பேசணும்னு எழுதியிருந்தா. விவரம் எழுதுன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். அதுக்கப்புறம்தான் உங்ககிட்ட வந்தா.”

 இருபத்திமூன்று வருடத்தில் தாளின்றி அவர் சொன்ன முதல் வாக்குமூலம் அது.

மூப்பருக்குக் கழுத்தில் மூச்சுக்காற்று பட்டிருக்க வேண்டும். திரும்பினார். ஆளைப் பார்த்ததும், பழக்கதோஷத்தில், அவர் தலை அசையத் தொடங்கியது. பாதியிலேயே அவராக அதை நிறுத்திக்கொண்டார். சுத்தியலைக் கீழே வைத்தார். உட்கார்ந்திருந்த முக்காலியைத் தரையில் உரசி முழுக்கத் திருப்பி, இடது காதைக் கையால் குவித்துக்கொண்டார்.

“தம்பி, கேக்கல. எனக்குக் கேக்கல. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க.”

 கிடங்குக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, “எழுதித் தர்றேங்கய்யா” என்று கையால் எழுதிக்காட்டிவிட்டு வந்துவிட்டார்.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக் கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதினார். கார்பன் தாள் வைக்கவில்லை. ஒரே படி.

“மூப்பர் அவர்களுக்கு. ஆகஸ்ட் 4-ஆம் தேதியிட்ட என் குற்றச்சாட்டில் விடுபட்டுப்போன ஏழாம் இணைப்பை இத்துடன் அனுப்புகிறேன். அது எங்கள் வீட்டு நோட்டின் ஒரு பக்கம். சிவப்பு மையில் இருப்பது என் கையெழுத்து. குழுவிடம் இதை நான் மறைத்தேன். தங்களிடம் இன்று மதியம் வலது காதில் சொன்னது இதைத்தான்.

“தங்கள்மேல் சாட்டிய குற்றத்தை நான் திரும்பப் பெறவில்லை. பெற்றால் அது என் மனைவிக்குச் செய்யும் அநியாயம். ஆனால் தங்கள் குற்றம் காது கேளாமை அன்று, அதை மறைத்தது. மறைத்தவன் நானும்தான். தாங்கள் பயத்தால் தலையசைத்தீர்கள். நான் பழக்கத்தால் சிவப்பு மை போட்டேன். அவள் இருவரிடமும் வந்து, இருவரிடமும் வெறுங்கையோடு திரும்பினாள்.

“சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனதை மட்டும் நான் ஆட்சேபிக்கிறேன். நாம் ஆராதிக்கிறவர் உயிர்த்தெழுந்த பின்பும் தம் கையிலிருந்த காயங்களை மறைத்ததாக எந்தப் பதிவும் இல்லை. வந்து பார்க்கச் சொல்லிக் காட்டியதாகத்தான் பதிவு இருக்கிறது. குறையில்லாத ஆள் வேண்டுமென்று அவர் காத்திருந்திருந்தால் இந்தச் சபையில் ஒரு நாற்காலியும் நிறைந்திருக்காது. மதியம் தாங்கள் தலையசைப்பைப் பாதியில் நிறுத்தி, ‘எனக்குக் கேக்கல’ என்றீர்களே, என் மனைவி வந்த அந்த நான்கு ஞாயிறுகளில் ஒன்றிலாவது அந்த ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். இனி வருகிறவர்களுக்காவது அது கிடைக்க வேண்டும்.

“பாட்டுப் புத்தக அலமாரியை வலப்பக்கம் நகர்த்த டீச்சரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை மாலை நானே நகர்த்துவேன். முதல் ஆளாக வந்து, இடது காதில், முழு விவரத்தையும் வாயால் சொல்ல விரும்புகிறேன். என் மனைவியின் கடைசி அறுபத்தாறு நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

“வரும் ஞாயிறு, செப்டம்பர் 7, காலை 11.20 மணிக்கு அந்த முக்காலியில் தாங்கள் இருப்பீர்களா, இல்லையா? தலையசைப்பை நான் பதிலாக ஏற்கமாட்டேன். ஐந்து நாட்களுக்குள், தங்கள் கையெழுத்துடன், எழுத்துமூலமான பதில் தேவை.”